நளாயினியும் பிளாண்டியும்

அன்புள்ள அம்மா,

வணக்கம். நான் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். சென்ற மாதம் பழைய ஆங்கிலப் பாடல்கள் சிலவற்றைப் பற்றி எழுதும்போது ‘ஹார்ட் ஆஃப் கிளாஸ்’ என்ற பாட்டையும் அதைப் பாடிய டெபி ஹாரியையும் இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போனீர்கள். பாட்டைத் தேடிக் கேட்டேன். பிறகு அவரைப் பற்றியும் தேடினேன். அவருடைய துணைவர், அதே குழுவின் கிதார்க்காரர், உடம்பெல்லாம் கொப்புளம் போடும் கொடிய தோல் நோயில் விழுந்தாராம். புகழின் உச்சியில் இருந்த இந்த அம்மையார் பாட்டு, பணம், மேடை எல்லாவற்றையும் உதறிவிட்டு அவர் பக்கத்திலேயே இருந்து பல ஆண்டுகள் பணிவிடை செய்தாராம். அதுவும் தாலி கட்டிக்கொள்ளாதவர்! கண் கலங்கிவிட்டது. ‘நியூயார்க்கில் ஒரு நளாயினி’ என்று தலைப்பிட்டு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதிப் போட்டேன். எல்லோரும் கைகூப்பினார்கள். என் மகள் மட்டும் ‘அப்பா, அவர் அந்த வருடங்களில் வேலையும் பார்த்தார்’ என்று ஒரு வரி போட்டாள். மூன்று நாளாக எங்களுக்குள் பேச்சு இல்லை. நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இன்னொரு சந்தேகம். சிறு வயதில் ஐந்தாறு ஆண்டு மிருதங்கம் கற்றவன் நான். அந்தப் பாட்டின் நடுவே வெறும் வாத்தியம் மட்டும் வரும் இடத்தில் தாளம் போட்டுக்கொண்டே போனால் ஓர் எண்ணிக்கை காணாமல் போகிறது. பதிவில் வெட்டுப்பட்டுவிட்டதா, என் கை தவறுகிறதா? ‘புதிய அலை’ இசை என்கிறார்களே, அது இதுதானா?

அன்புடன்,
எஸ்., கும்பகோணம்

*

அன்புள்ள எஸ்.,

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மௌனம் நான்காவது நாளுக்கு நீள வேண்டாம். வழக்கில் உங்கள் மகள் பக்கம் நியாயம். தாளத்தில் உங்கள் பக்கம் நியாயம். உங்கள் கை தவறவில்லை, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் என்னுடைய அறியாமை ஒன்றைச் சொல்ல வேண்டும். 1984இல் துபாயிலிருந்து வந்த என் சித்தப்பா ஒரு டூ-இன்-ஒன்னும் அதோடு நான்கு கேசட்டுகளும் கொண்டுவந்தார். ஒரு கேசட்டின் மேல் பால்பாயிண்ட் பேனாவால் ‘இங்கிலீஷ் பாட்டு’ என்று மட்டும் எழுதியிருந்தது. யாருடைய பாட்டு என்று ஒரு குறிப்பும் கிடையாது. அதில் இரண்டாவதாக ஒரு பெண் குரல் வரும். உருகாது, கெஞ்சாது. காதல் முறிந்த கதையைப் பக்கத்து வீட்டில் பால் திரிந்துபோன செய்தி மாதிரிச் சொல்லிவிட்டுப் போகும். நானும் தங்கையும் அதைத் தேய்த்தே தீர்த்தோம். பாடியவர் பெயர் பிளாண்டி என்று தெரிந்துகொள்ளவே பல வருடம் ஆயிற்று. பிளாண்டி என்பது அந்தப் பெண்ணின் பெயர் இல்லை, ஒரு குழுவின் பெயர் என்று தெரிய இன்னும் பல வருடம் ஆயிற்று. இந்தத் தவறை உலகமே செய்தது. அந்தக் குழுவே ‘பிளாண்டி ஒரு குழு’ என்று அச்சிட்ட வில்லைகளைச் சட்டையில் குத்திக்கொண்டு திரிய வேண்டியிருந்தது.

உங்கள் கதையில் ‘புகழின் உச்சியில்’ என்ற சொல் வருகிறது. அந்த உச்சிக்கு அவர் எந்த வயதில் ஏறினார் என்று பாருங்கள். டெபி ஹாரி 1945 ஜூலை 1ஆம் தேதி ஃபுளோரிடாவின் மயாமியில் பிறந்தார். பிறந்தபோது வைத்த பெயர் ஏஞ்சலா டிரிம்பிள். மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது நியூ ஜெர்சியில் பரிசுப்பொருள் கடை வைத்திருந்த ஹாரி தம்பதி தத்தெடுத்து டெபோரா ஆன் என்று புதுப்பெயர் சூட்டினார்கள். ஹாதோர்ன் என்ற சின்ன ஊரில் வளர்ந்தார். தான் தத்துப்பிள்ளை என்பது அவருக்கு நான்கு வயதிலேயே தெரியும். பின்னாளில் பெற்றவளைத் தேடிக் கண்டுபிடித்தபோது, தொடர்பு வேண்டாம் என்று பதில் வந்தது.

அறுபதுகளின் நடுவில் நியூயார்க் வந்தார். பிபிசி வானொலியின் நியூயார்க் அலுவலகத்தில் செயலாளர் வேலை. மேக்ஸஸ் கான்சாஸ் சிட்டி என்ற இரவு விடுதியில் சாப்பாடு பரிமாறும் வேலை. நியூ ஜெர்சியில் கோ-கோ நடனம். பிளேபாய் கிளப்பில் முயல்காது மாட்டிக்கொண்டு மதுத்தட்டு ஏந்தும் வேலை. நடுவே 1968இல் தி விண்ட் இன் தி வில்லோஸ் என்ற நாட்டுப்புற ராக் குழுவில் பின்பாட்டு. அப்போது அவருக்குப் பழுப்பு முடி. அந்தக் குழு ஓர் இசைத்தட்டு போட்டது, அது வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

நீங்கள் சொன்ன அந்தத் துணைவர் கிறிஸ் ஸ்டைனைச் சந்தித்தது 1973 வாக்கில், ஸ்டிலெட்டோஸ் என்ற குழுவில் பாடிக்கொண்டிருந்தபோது. இருவரும் சேர்ந்து 1974இல் பிளாண்டியைத் தொடங்கினார்கள். முதல் இசைத்தட்டு வந்தது 1976 இறுதியில். அப்போது அவருக்கு 31 வயது முடிந்திருந்தது. ‘ஹார்ட் ஆஃப் கிளாஸ்’ உலகம் சுற்றியபோது 33. பாப் இசையில் பெண்களுக்குப் பெரும்பாலும் கடையைக் கட்டச் சொல்லும் வயது அது. பத்து வருடம் தட்டு ஏந்திய பிறகு கிடைத்ததை ஒருவர் அவ்வளவு லேசில் ‘உதறிவிட’ மாட்டார் என்பது என் கணிப்பு.

அவர்கள் வளர்ந்த இடம் சிபிஜிபி. மன்ஹாட்டனில் பவரி தெரு 315ஆம் எண். ஹில்லி கிரிஸ்டல் என்பவர் கிராமியப் பாட்டும் புளூகிராஸும் புளூஸும் நடத்தலாம் என்று திறந்த நீளமான, குறுகலான மதுக்கடை. அவர் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை, வேறொரு கூட்டம் வந்தது. 1975இல் நியூயார்க் மாநகரமே திவாலாகும் நிலையில் இருந்தது. பவரியில் வாடகை மலிவு, குடித்துவிட்டு வாசலில் கிடப்பவர்களைத் தாண்டிக்கொண்டுதான் வீட்டுக்குள் போக வேண்டும். ஹாரியும் ஸ்டைனும் அங்கேதான் ஒரு மாடியில் குடியிருந்தார்கள். அதே கட்டடத்தில் இருந்த ஸ்டீபன் ஸ்ப்ரௌஸ் என்ற உடை வடிவமைப்பாளர் அவருக்கு உடை தைத்துக் கொடுத்தார். ‘ஹார்ட் ஆஃப் கிளாஸ்’ பாட்டின் காணொளியில் ஒரு தோளில் மட்டும் தொங்கும் அந்தச் சாம்பல்நிற உடை அவர் கைவண்ணம்.

முடியைப் பற்றி ஒரு விஷயம். வெளுத்த பொன்னிறத் தலையோடு அவர் தெருவில் நடக்கும்போது லாரி ஓட்டுநர்கள் ‘ஏய் பிளாண்டி’ என்று கூப்பிடுவார்கள். அந்த வசவையே குழுவுக்குப் பெயராக்கினார். பழைய படங்களைக் கவனித்துப் பாருங்கள், முன்பக்கம் வெள்ளைவெளேர் என்று இருக்கும், பிடரிப் பக்கம் கறுத்திருக்கும். அதைப் புதுமையான அலங்காரம் என்று பல பெண்கள் பார்த்துச் செய்துகொண்டார்கள். சாயத்தை அவரே கண்ணாடி முன் நின்று போட்டுக்கொண்டார், பின்பக்கம் கை எட்டவில்லை. காரணம் அவ்வளவுதான். பிளாண்டி என்பது தான் போட்டுக்கொண்ட ஒரு வேடம் என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். பின்பக்கம் மட்டும் அரிதாரம் பூசாத வேடம்!

இந்த வேடத்தை இசைத்தட்டு நிறுவனங்கள் அவரைவிட அதிகமாக நம்பின. குழுவில் மற்றவர்களை விட்டுவிட்டு அவர் படத்தை மட்டும், அதுவும் உடம்பு தெரியும் சட்டையோடு, சுவரொட்டியாக ஒட்டினார்கள். ‘ரிப் ஹெர் டு ஷ்ரெட்ஸ்’ என்று அவர்கள் பாட்டு ஒன்று உண்டு, ஊர்வம்பு பேசும் வாய்களைக் கேலி செய்வது. அந்தத் தலைப்பையே திருப்பிப் போட்டு, இந்தப் பெண்ணைக் கிழித்துப் போட உங்களுக்கும் ஆசையாக இல்லையா என்று கேட்கிற மாதிரி விளம்பரம் கொடுத்தார்கள். அவருக்கு வந்த கோபம் லேசானதல்ல.

‘புதிய அலை’ என்றால் என்ன என்று கேட்டீர்கள். சிபிஜிபியில் வாசித்தவர்களைப் பத்திரிகைகள் பங்க் என்றன, முரட்டு வேகத்தில் அடித்து வாசிக்கும் ராக். அந்தச் சொல்லைக் கேட்டால் வானொலிக்காரர்கள் தட்டைக் கையில் வாங்கவே மாட்டார்கள். சயர் என்ற இசைத்தட்டு நிறுவனத்தை நடத்திய சீமோர் ஸ்டைன் போன்றவர்கள் பிரெஞ்சு சினிமாவிலிருந்து ஒரு சொல்லைக் கடன் வாங்கி ‘நியூ வேவ்’ என்று ஒட்டி விற்றார்கள். (இந்த ஸ்டைன் வேறு, நம் கிறிஸ் ஸ்டைன் வேறு.) ஆகவே அது ராகத்தின் பெயர் போல ஓர் இலக்கணம் அல்ல, கடைப்பலகை. இருந்தாலும் அந்தப் பலகையின் கீழ் நின்றவர்களுக்குள் ஒரு சாயல் உண்டு. பங்க்கின் வேகமும் அலட்சியமும் இருக்கும், ஆனால் மெட்டு மேல் வெட்கம் இருக்காது. சின்தசைசர், டிஸ்கோ, ரெக்கே, அறுபதுகளின் பெண்கள் குழுப் பாட்டு, எதையும் தீண்டத்தகாதது என்று தள்ளமாட்டார்கள். அந்தக் கூட்டத்தில் பிளாண்டி அளவுக்கு எல்லா வீட்டுச் சமையலையும் ருசி பார்த்தவர்கள் வேறு யாரும் இல்லை என்பேன்.

முதலில் அவர்களைக் கொண்டாடியது அமெரிக்கா அல்ல. 1977இல் ஆஸ்திரேலியாவின் ‘கவுண்ட்டவுன்’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தவறுதலாக வேறொரு பாட்டைப் போட்டுவிட்டார்கள், அந்தத் தவறு வெற்றியாகிவிட்டது. அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் ‘டெனிஸ்’. அது 1963இல் ஆண்கள் ஒரு பெண்ணை நினைத்துப் பாடிய ‘டெனீஸ்’ என்ற பாட்டு. ஹாரி பெயரில் ஓர் எழுத்தை எடுத்து அதை ஆணாக்கினார், நடுவில் பிரெஞ்சில் ஒரு பத்தி சேர்த்தார்.

பிறகு மைக் சாப்மன் வந்தார். ஆஸ்திரேலியாவில் பிறந்து இங்கிலாந்தில் வெற்றிப்பாட்டுகளை வார்த்துத் தள்ளிய தயாரிப்பாளர். 1978 கோடையில் நியூயார்க்கின் ரெகார்ட் பிளாண்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில் ‘பேரலல் லைன்ஸ்’ இசைத்தட்டுக்காக அவர்களைக் கசக்கிப் பிழிந்தார். தப்பும் தவறுமாக வாசித்துவிட்டு உற்சாகத்தால் ஈடுகட்டிய பழக்கம் அவரிடம் செல்லவில்லை. ‘ஹார்ட் ஆஃப் கிளாஸ்’ அவர்கள் கையில் 1975 முதல் இருந்த பாட்டு, வேறு பெயரில், வேறு நடையில் ஓட்டிப் பார்த்துக் கிடப்பில் போட்டது. சாப்மன் அதைத் தூசி தட்டினார். ரோலண்ட் சிஆர்-78 என்ற தாளப்பெட்டி ஒன்று அப்போது புதிது, சின்ன மரப்பெட்டி மாதிரி இருக்கும். முதலில் அது டிக் டிக் என்று ஓடும். அதன் மேல் குழுவின் கிளெம் பர்க் டிரம்ஸ் வாசிக்க வேண்டும். பர்க் இயல்பில் புயல் மாதிரி வாசிக்கிறவர். அவரை உட்காரவைத்து, கால் டிரம் ஒரு முறை, மற்றவை வேறொரு முறை என்று பிரித்துப் பிரித்துப் பதிவு செய்தார்கள், பெட்டியின் துல்லியத்திலிருந்து இம்மி விலகாமல். குழுவின் இன்னோர் உறுப்பினர் ஜிம்மி டெஸ்ட்ரியின் சின்தசைசரும் அந்தப் பெட்டியோடு பூட்டப்பட்டது. மனிதர்கள் ரத்தம் சிந்தி இயந்திரம் மாதிரி வாசித்த பாட்டு அது. அதன் மேல்தான் ஹாரியின் குரல் கண்ணாடியில் நீர் வழிவதுபோல வழிகிறது. உயரத்துக்குப் போகும் இடங்களில் கத்தவில்லை, மெலிந்துபோகிறார். சிபிஜிபி நண்பர்கள் சிலர், டிஸ்கோ பாடிவிட்டாயே என்று முகம் திருப்பிக்கொண்டார்கள். 1979 பிப்ரவரியில் இங்கிலாந்திலும் ஏப்ரலில் அமெரிக்காவிலும் அது முதலிடம்.

அவர் பாட்டில் எனக்குப் பிடித்தது, யாருடைய வாயால் பாடுகிறார் என்பதில் அவர் செய்யும் மாற்றம். நியூ ஜெர்சியில் பழைய காதலன் ஒருவன் அவரை விடாமல் துரத்தித் தொல்லை கொடுத்திருக்கிறான். வேலை செய்யும் இடத்துக்கு வருவான், தொலைபேசியில் மிரட்டுவான். அந்தப் பயத்திலிருந்து வந்தது ‘ஒன் வே ஆர் அனதர்’. பாட்டில் பேசுவது பயந்தவள் அல்ல, துரத்துகிறவன். எப்படியாவது உன்னைக் கண்டுபிடிப்பேன் என்கிற அவன் வார்த்தையை இவர் பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டே பாடுகிறார். இதற்கு நேர் எதிராக ‘சண்டே கேர்ள்’ என்ற கொஞ்சலான பாட்டு. அது காதல் பாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஹாரி ஊரில் இல்லாதபோது ஓடிப்போன அவருடைய பூனைக்காக ஸ்டைன் எழுதியது அது.

1981இல் ‘ராப்ச்சர்’. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியின் கறுப்பின இளைஞர்கள் தெருவிருந்துகளில் நடத்திக்கொண்டிருந்த ராப்பை ஃபேப் ஃபைவ் ஃப்ரெடி என்ற ஓவியர் இவர்களுக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். ஹாரி பாட்டின் பின்பாதியில் ராப் பேசினார். ராப் இடம்பெற்ற ஒரு பாட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது அதுவே முதல்முறை. அவர் பேசிய ராப் அப்படியொன்றும் பிரமாதம் இல்லை, வானத்திலிருந்து வந்தவன் கார்களைத் தின்கிறான் என்று குழந்தைக் கதை மாதிரிப் போகும். கற்றுக்கொடுத்தவர்களை மறக்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். பாட்டிலேயே ஃப்ரெடியின் பெயரையும் பிராங்க்ஸில் இசைத்தட்டு சுழற்றிய கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷின் பெயரையும் சொன்னார். அதே ஆண்டு பிப்ரவரியில் ‘சாட்டர்டே நைட் லைவ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்க அழைத்தபோது, ஃபங்கி ஃபோர் பிளஸ் ஒன் என்ற பிராங்க்ஸ் குழுவையும் மேடைக்குக் கொண்டுவந்தார். ‘ராப்ச்சர்’ காணொளியில் இசைத்தட்டு சுழற்றுபவராக நிற்கும் ஒல்லிப் பையன் ஜான் மிஷேல் பாஸ்கியா. அவன் தன் ஓவியத்தை விற்ற முதல் ஆட்கள் ஹாரியும் ஸ்டைனும்தான், விலை 200 டாலர். இப்போது அவன் படங்கள் போகும் விலையை உங்கள் மகளைக் கேளுங்கள், வங்கிக்காரரான உங்களுக்கே தலை சுற்றும்.

இனி நளாயினிக்கு வருவோம்.

கதையின் முதல் ஓட்டை, உதறிவிட்டுப் போவதற்கு அங்கே முழுதாக ஒன்றும் மிச்சமில்லை. நோய்க்கு முன்பே கிதார்க்காரர்களில் ஒருவரான ஃபிராங்க் இன்ஃபான்ட்டே தன்னை ஒதுக்குகிறார்கள் என்று குழுவின் மேலேயே வழக்குப் போட்டிருந்தார். 1982இல் வந்த ‘தி ஹண்ட்டர்’ இசைத்தட்டு சரியாகப் போகவில்லை. சுற்றுப்பயணத்துக்கு டிக்கெட் விற்கவில்லை, ஸ்டைன் என்ன நோய் என்று தெரியாமலேயே இளைத்துக்கொண்டே போனார், பயணம் பாதியில் நின்றது, குழு கலைந்தது. நோயின் பெயர் தெரிந்தது அதற்குப் பிறகு, 1983இல். பெம்ஃபிகஸ் வல்காரிஸ். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே எதிரியாகித் தோலின் அணுக்களை ஒட்டவைத்திருக்கும் பசையை அரிக்கும் நோய் அது. வாயில் புண்ணாகத் தொடங்கும், பிறகு உடம்பில் கொப்புளம் கிளம்பும், தொட்டால் தோல் உரியும். அந்தக் காலத்தில் ஸ்டீராய்டு கொடுத்துத்தான் அடக்க வேண்டியிருந்தது. ஸ்டைன் மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தார். ஹாரி கூட இருந்தார், அதில் பொய் இல்லை. அதே நேரத்தில் வருமான வரி பாக்கியில் வீடு கையை விட்டுப் போனது. அந்தக் கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை.

இப்போது உங்கள் மகளின் ஒரு வரி. 1983இல் டேவிட் குரோனன்பெர்க்கின் ‘வீடியோட்ரோம்’ திரைப்படம் வெளிவந்தது, அதில் அவர் முக்கியமான பாத்திரம். அதே ஆண்டு ஏப்ரலில் பிராட்வேயில் ‘டீனெக் டான்சி’ என்ற நாடகத்தில் மல்யுத்த வீராங்கனையாக நடித்தார். நிஜமாகவே ஆளைத் தூக்கிப் போட்டுப் புரள வேண்டிய வேடம். அரங்கேறிய அன்றே நாடகத்தை இழுத்து மூடிவிட்டார்கள், அது வேறு விஷயம். ‘ஸ்கார்ஃபேஸ்’ படத்தில் ஜார்ஜியோ மொரோடர் இசையில் ஒரு பாட்டு. 1986இல் ‘ராக்பேர்ட்’ என்று தனி இசைத்தட்டு, அதில் ஒரு பாட்டு இங்கிலாந்தில் எட்டாம் இடம் வரை போயிற்று. 1988இல் ஜான் வாட்டர்ஸின் ‘ஹேர்ஸ்ப்ரே’ படத்தில் மகளைப் போட்டியில் ஜெயிக்கவைக்க எதையும் செய்யத் துணிந்த அம்மாவாக வந்து வயிறு குலுங்க வைத்தார். 1989இல் இன்னொரு இசைத்தட்டு.

எனக்குப் பிடித்த காட்சி 1985 ஜூலையில் நடந்தது. லிங்கன் சென்டரில் கமோடோர் நிறுவனம் அமிகா என்ற கணினியை அறிமுகம் செய்கிறது. புகழ்பெற்ற ஓவியர் ஆண்டி வார்ஹோல் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், மவுஸ் பிடிக்கத் தெரியாத விரல்களோடு. பக்கத்தில் ஹாரி அசையாமல் அமர்ந்திருக்கிறார். கேமரா அவர் முகத்தைத் திரைக்குள் இழுக்கிறது, வார்ஹோல் தலைமுடியில் மஞ்சளைக் கொட்டுகிறார், நிறம் கோட்டைத் தாண்டி வழிகிறது. கூட்டம் கைதட்டுகிறது. நளாயினி கூடை சுமந்துகொண்டிருந்ததாக நீங்கள் எழுதிய அதே வருடங்கள்தாம்.

நளாயினி கதையை நீங்களே எடுத்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். தொழுநோய் பிடித்த கணவனை அவள் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனது எங்கே? தாசி வீட்டுக்கு. அவன் ஆசைப்பட்டான், அவள் சுமந்தாள். ஹாரியும் ஸ்டைனும் அந்தக் காலத்தில் ஹெராயினில் விழுந்திருந்தார்கள். ஸ்டைன் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபோது அவருக்கு ஹெராயின் வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்ததை ஹாரி மறைக்கவில்லை, 2019இல் வந்த ‘ஃபேஸ் இட்’ என்ற தன்வரலாற்றில் அந்த நாட்களைப் பூசி மெழுகாமல் எழுதியிருக்கிறார். அந்த ஓர் இடத்தில் மட்டும் உங்கள் ஒப்புமை நீங்கள் நினைத்ததைவிடப் பொருத்தம். குடும்பக் குழுவில் இதையும் போட்டால் எத்தனை பேர் கைகூப்புவார்கள் என்று தெரியவில்லை.

எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் எரிச்சல் உண்டு, மறைப்பானேன். என் அம்மா பக்கவாதத்தில் படுத்திருந்த பதினான்கு மாதங்கள் நான்தான் கூட இருந்தேன். ஒரு வார இதழில் தொடர்கதை வேறு ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவைத் திருப்பிப் படுக்கவைத்துவிட்டு, முதுகில் பவுடர் போட்டுவிட்டு, அடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஓர் அத்தியாயம். தாள் கைக்கு எட்டாத நாளில் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். ஓர் அத்தியாயத்தில் கதாநாயகி பேசும் வசனத்துக்கு நடுவே ‘இரவு 9, அரை மாத்திரை’ என்று அச்சுக்கே போய்விட்டது, நல்லவேளை பிழைதிருத்துபவர் பிடித்தார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் என்ன தியாகம், என்ன தியாகம் என்றார்கள். அந்தத் தொடர் எப்படிப் போகிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. என் அம்மா மட்டும் கேட்பார், குழறலாக, ‘அவள் அவனைக் கட்டிக்கொண்டாளா இல்லையா’ என்று. அதனால் உங்கள் மகளின் அந்த ஒரு வரியைப் படித்தபோது எனக்கு அவளை நேரில் பார்க்க வேண்டும் போல இருந்தது.

நளாயினி கதையில் இல்லாத இன்னும் சில அத்தியாயங்கள் இதில் உண்டு. ஸ்டைன் தேறினார். தேறிய பிறகு, எண்பதுகளின் கடைசியில், இருவரும் பிரிந்தார்கள். பிரிந்த பிறகும் சேர்ந்து வேலை செய்தார்கள், 1989 இசைத்தட்டில் அவர் கிதார் இருக்கிறது. ஸ்டைன் பின்னால் வேறொருவரை மணந்தார், அவருடைய மகள்களுக்கு ஹாரிதான் ஞானத்தாய் ஆனார். கணவன் மனைவி என்ற கணக்கில் இதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்கும் தெரியவில்லை. தொண்ணூறுகளில் ஹாரி ஜாஸ் பாசஞ்சர்ஸ் என்ற குழுவோடு சின்னச் சின்ன அரங்குகளில் ஜாஸ் பாடிக்கொண்டிருந்தார். குரல் அங்கேதான் கனிந்தது என்று நினைக்கிறேன். 1997இல் பிளாண்டி மறுபடி கூடியது. 1999 பிப்ரவரியில், டெஸ்ட்ரி எழுதிய ‘மரியா’ இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தது. ‘ஹார்ட் ஆஃப் கிளாஸ்’ அங்கே முதலிடம் பிடித்து சரியாக இருபது வருடம். அவருக்கு 53 வயது. 

2006இல் ராக் அண்ட் ரோல் புகழ்க் கூடத்தில் குழுவைச் சேர்த்துக்கொண்ட விழாவில், பழைய உறுப்பினர் இன்ஃபான்ட்டே எல்லோர் முன்னிலையிலும் மேடையில் நின்று, இன்றைக்கு எங்களையும் வாசிக்க விடக்கூடாதா என்று கேட்டார். ஹாரி முடியாது என்றார், மேடையிலேயே. எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரே ஒரு பாட்டுக்கு விட்டிருக்கலாம். ‘பிளாண்டி ஒரு குழு’ என்று வில்லை குத்திக்கொண்டவர்கள்தானே! ஆனால் அது அவருடைய வழக்கு, அவருடைய காயம். பொறுமையே உருவான பெண் என்று சட்டம் போட்டு மாட்டினால் இந்த முகத்தை எந்தச் சுவரில் மாட்டுவது?

தாளப்பெட்டியோடு மல்லுக்கட்டிய கிளெம் பர்க் 2025 ஏப்ரலில் காலமானார். முதல் இசைத்தட்டிலிருந்து கடைசி வரை கூடவே இருந்தவர்.

இப்போது உங்கள் காணாமல் போன எண்ணிக்கை. பாட்டு முழுக்க நான்கு நான்காகப் போகிறது. நடுவே குரல் ஓய்ந்து வாத்தியம் மட்டும் வருமிடத்தில் கணக்கு ஏழாகிவிடுகிறது. எட்டாவது விழும் என்று கை காத்திருக்கும்போது அடுத்த சுற்று தொடங்கிவிடும். வெட்டுப்பட்டதல்ல, வேண்டுமென்றே செய்தது. டிஸ்கோ அரங்குகளில் கண்ணை மூடிக்கொண்டு ஆடியவர்கள் அந்த இடத்தில் கால் இடறியிருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது. ஏழு என்றதும் மிஸ்ர சாபு என்று குழுவில் எழுதிவிடாதீர்கள், அதன் நடை வேறு. தனிப்பாட்டாக வந்த சின்ன வெளியீடுகள் சிலவற்றில் அந்தப் பகுதி சுருக்கமாக இருக்கும், நீளமான பதிப்பைப் போடுங்கள். நீங்கள் தொடையில் தட்டுங்கள், மகளை விரலில் எண்ணச் சொல்லுங்கள். அவள் எட்டு என்று சொன்னால் அந்த ஒரு வழக்கில் நீங்கள் ஜெயித்துவிட்டதாக எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.